நரகத்திலிருந்து திரும்புதல்: ‘தி சாது’ நூலில் மறுமை

‘தி சாது’ என்பது சாது சுந்தர் சிங்கைப் பற்றி பி.எச். ஸ்ட்ரீட்டரும் ஏ.ஜே. அப்பாசாமியும் இணைந்து ஆங்கிலத்தில் எழுதி 1921-இல் லண்டனில் வெளிவந்த நூல். 1920-இல் சாது இங்கிலாந்துக்குச் சென்றிருந்தபோது அவரோடு நடத்திய உரையாடல்களே இதன் அடிப்படை. ஸ்ட்ரீட்டர் ஆக்ஸ்போர்டின் புதிய ஏற்பாட்டு ஆய்வாளர். அப்பாசாமி அப்போது அங்கே ஆய்வு மாணவர். இந்த நூலில் சாதுவின் ஜெபம், துறவு, உவமைகள் பற்றிய பகுதிகள் பலமுறை எடுத்தாளப்பட்டுள்ளன. சொர்க்கம், நரகம் பற்றிய பகுதி அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. ஆனால் நூலிலேயே துணிச்சலான பகுதி அதுதான். நரகத்துக்குப் போனவர்களிலும் மிகப் பெரும்பாலோர் கடைசியில் கிறிஸ்துவிடம் வந்து சேர்வார்கள் என்கிறார் சாது. மரணத்தோடு மனந்திரும்பும் வாய்ப்பு முடிந்துவிடுகிறது என்ற சீர்திருத்தச் சபைகளின் பொதுவான போதனைக்கு இது நேர் எதிர்.

இந்தப் பகுதியைத் தமிழ் வாசகர் கவனிக்க ஒரு தனிக் காரணம் உண்டு. ஐயாத்துரை யேசுதாசன் அப்பாசாமி 1891-இல் பாளையங்கோட்டையில் பிறந்தவர். அவருடைய தந்தை ஏ.எஸ். அப்பாசாமி பிள்ளை சைவத்திலிருந்து கிறிஸ்தவத்துக்கு வந்தவர். அந்தத் தந்தையின் தன்வரலாற்றை மகனே பதிப்பித்து 1924-இல் வெளியிட்டார். ஆக, முன்னோர் எங்கே போனார்கள் என்ற கேள்வி அவருக்குப் பாடப்புத்தகக் கேள்வி மட்டுமல்ல. அவருடைய தாத்தா தலைமுறையே சைவர்கள். பின்னாளில், 1950 முதல் 1959 வரை, அவர் தென்னிந்தியத் திருச்சபையின் கோயம்புத்தூர்ப் பேராயராக இருந்தார். அன்றைய கோவை மாவட்டத்தின் தென்கோடியிலிருந்த உடுமலைப்பேட்டையும் (2009 முதல் திருப்பூர் மாவட்டம்) அந்த எல்லைக்குள் வரும் ஊர்.

கொங்கு நாட்டில் இந்தக் கேள்வி எப்படி எழும் என்பதை உடுமலையை வைத்தே பார்க்கலாம். ஆடி அமாவாசைக்குச் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து திருமூர்த்திமலை அமணலிங்கேசுவரர் கோயிலுக்குப் பெருங்கூட்டம் போகும். இறந்தவர்களுக்கு எள்ளும் நீரும் இறைத்துத் திதி கொடுக்கிற நாள் அது. நவம்பர் 2-ஆம் தேதி கத்தோலிக்கர்கள் கல்லறைத் திருநாள் கொண்டாடுவார்கள். கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, உத்தரிக்கிற ஸ்தலத்தில் இருக்கும் ஆன்மாக்களுக்காக மன்றாடுவார்கள். சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தவருக்கு இந்த இரண்டும் இல்லை. இறந்தவர்களுக்காக ஜெபிக்க வேண்டாம், அவர்கள் நிலை முடிவாகிவிட்டது என்பதே அவருக்குச் சொல்லப்படுவது. ஞானஸ்நானம் பெறாமல் செத்துப்போன அப்பத்தாவுக்கு, அம்மாயிக்கு, அவரால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. பங்காளி வீட்டார் கருமாதிக்குக் கூப்பிட்டாலும் போய் ஓரமாக நிற்கத்தான் முடியும். இறையியல் வாதத்துக்குப் பின்னால் இப்படி ஓரமாக நிற்கும் ஆட்கள் இருக்கிறார்கள்.

சாது சொன்னதைச் சுருக்கினால் இப்படி வரும். கடவுள் யாரையும் நரகத்தில் தள்ளுவதில்லை, மனிதன் தானே போய் விழுகிறான். நரகத்தில் இருப்பவர்கள் விரும்பினால் சொர்க்கத்துக்கு வரலாம், வாசலில் காவல் இல்லை. ஆனால் வந்து பார்த்தால் அந்த ஒளியை அவர்களால் தாங்க முடிவதில்லை. நரகத்தைவிட சொர்க்கம் அவர்களுக்கு அதிக வேதனையாக இருக்கிறது. ஆகவே திரும்பிப் போய்விடுகிறார்கள். ஆனால் தங்களிடம்தான் ஏதோ கோளாறு என்ற எண்ணம் அங்கே தொடங்கிவிடுகிறது. கடவுள் தம் முழு ஒளியையும் காட்டாமல், தாங்கும் அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டுகிறார். உள்ளிருந்து மனச்சாட்சியை அசைக்கிறார். அவர்களோ அந்த ஆசை தங்களுக்கே தோன்றியது என்று நினைக்கிறார்கள். எண்ணற்ற யுகங்கள் ஆகலாம், இருந்தும் ஏறக்குறைய எல்லாரும் வந்து சேர்வார்கள். பூமியிலேயே ஏற்றுக்கொண்டவர்களின் நிறைவு அவர்களுக்கு இராது. ஆக நரகமும் ஒரு பள்ளிக்கூடம். கிறிஸ்தவரல்லாத அத்தனை பேருக்கும் நம்பிக்கையே இல்லையென்றால் கடவுள் மனிதரைப் படைப்பதையே நிறுத்தியிருப்பார் என்பது சாதுவின் வாதம்.

இது சாதுவின் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல, திருச்சபையின் பழைய வழக்கு. அலெக்சாந்திரியாவின் ஓரிகேன் 3-ஆம் நூற்றாண்டில், தண்டனை மருத்துவம் போன்றது, எல்லாம் கடைசியில் தன் தொடக்கத்துக்குத் திரும்பும் என்று எழுதினார். 4-ஆம் நூற்றாண்டில் நீசா நகரின் கிரகோரி அதையே வேறு வகையில் சொன்னார். அகுஸ்தீன் தம் ‘கடவுளின் நகரம்’ நூலில் இப்படிப்பட்ட இரக்கக்காரர்களை விரிவாக மறுத்தார். மேற்குத் திருச்சபையில் அகுஸ்தீனின் குரலே நின்றது. 543-இல் பேரரசர் ஜஸ்டினியனின் ஆணையும், 553-ஆம் ஆண்டு கான்ஸ்டான்டிநோபிள் சங்கத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் கண்டனங்களும் ஓரிகேனின் பெயரைக் கெடுத்தன. அதே கருத்தைச் சொன்ன கிரகோரி மட்டும் இன்றுவரை புனிதர். தண்டிக்கப்பட்டது கருத்தா ஆளா என்ற சந்தேகம் அதனால்தான் தீராமல் இருக்கிறது.

விவிலியத்திலும் இரு பக்கத்துக்கும் ஆதாரம் உண்டு. மத்தேயு 25-இன் இறுதியிலுள்ள தீர்ப்பும், லூக்கா 16-இல் செல்வந்தனுக்கும் லாசருவுக்கும் நடுவே சொல்லப்படும் பெரும்பிளவும், மரணத்துக்குப் பின் நியாயத்தீர்ப்பு என்ற எபிரெயர் 9:27-உம் ஒரு பக்கம். காவலிலிருந்த ஆவிகளுக்குக் கிறிஸ்து பிரசங்கித்ததாகச் சொல்லும் 1 பேதுரு 3:19, இறந்தோருக்கும் நற்செய்தி அறிவிக்கப்பட்டதாகச் சொல்லும் 4:6, கடவுளே எல்லாவற்றிலும் எல்லாமாக இருப்பார் என்னும் 1 கொரிந்தியர் 15:28 ஆகியவை மறுபக்கம். சாது லூக்காவின் பிளவைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறார் என்று குறை சொல்லலாம். அவர் காட்டும் படத்தைக் கூர்ந்து பார்த்தால், பிளவை நிலப்பரப்பிலிருந்து எடுத்து ஆளின் உள்ளே வைக்கிறார் என்பது தெரியும். தூரம் குறையவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. இதே படம், நரகவாசிகள் சொர்க்கத்துக்கு வந்து தாங்க முடியாமல் திரும்பும் காட்சி, 1945-இல் சி.எஸ். லூயிஸின் ‘தி கிரேட் டிவோர்ஸ்’ நூலில் வந்து உலகப் புகழ் பெற்றது. 24 ஆண்டுகளுக்கு முன்பே அது சாதுவின் பெயரில் அச்சில் இருந்தது.

தமிழில் இந்த விவாதத்துக்கு வேறொரு சிக்கல் சேர்கிறது. அது சொற்களால் வந்தது. நரகம் என்ற சொல் கிறிஸ்தவம் வருமுன்பே இங்கே குடியிருந்த சொல். புராண மரபில் நரகம் ஒரு முடிவுள்ள இடம். செய்த வினைக்கு ஏற்ற காலம் அனுபவித்துவிட்டு உயிர் மறுபடி பிறக்கப் போய்விடும். மீளாத இருள் சில உயிர்களுக்கு உண்டு என்று உறுதியாகச் சொன்ன பெரிய வேதாந்தி மத்வர் ஒருவர்தான். அந்தக் கருத்துக்காக அவர் இன்றும் தனித்தே நிற்கிறார். எனவே நரகம் என்று மட்டும் சொன்னால் தமிழ்ச் செவிக்கு முடிவின்மை கேட்காது. பழைய தமிழ் விவிலியம் மத்தேயு 25:46-இல் ‘நித்திய ஆக்கினை’ என்று போட்டது. மூலத்திலுள்ள ‘அயோனியோஸ்’ என்ற கிரேக்கச் சொல் யுகம் என்ற சொல்லிலிருந்து வந்தது. அது முடிவின்மையைக் குறிக்கிறதா, வரும் யுகத்துக்கு உரிய தன்மையைக் குறிக்கிறதா என்பதுதான் சண்டையே. எஃப்.டி. மோரிஸ் 1853-இல் லண்டன் கிங்ஸ் கல்லூரிப் பேராசிரியர் பதவியை இழந்தது இந்த ஒரு சொல்லை முடிவில்லாத காலம் என்று படிக்க மறுத்ததால்தான். தமிழில் ‘நித்தியம்’ அப்படி இழுபடும் சொல் அல்ல. சைவ சித்தாந்தத்தில் பதி, பசு, பாசம் மூன்றும் நித்தியம் என்றால் அவற்றுக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. அவ்வளவு கனமான சொல்லைத் தண்டனையின் மேல் ஏற்றிவைத்த பிறகு, கிரேக்கத்தில் திறந்திருந்த ஜன்னல் தமிழில் மூடிவிட்டது. மொழிபெயர்ப்பாளர்களைக் குறை சொல்வதற்கில்லை. ‘நித்திய ஜீவன்’ என்று அதே வசனத்தில் வரும்போது இரண்டுக்கும் ஒரே அடைமொழி வேண்டியிருந்தது. ஆனால் விளைவு விளைவுதான்.

சொல் மூடிய இடத்தைத் தமிழின் சமயச் சிந்தனை திறந்திருக்க முடியும். சாதுவின் நரகத்தைப் படிக்கும் சைவருக்கு அது புதிதாகவே இராது. இறைவன் தண்டிப்பதையும் கருணையாகவே எண்ணி, அதற்கு மறக்கருணை என்று பெயரிட்ட மரபு இது. பிள்ளை சொல் கேளாதபோது பெற்றோர் அடிப்பதோடு இறைவனின் கோபத்தை ஒப்பிடுகிறது 13-ஆம் நூற்றாண்டின் ‘சிவஞான சித்தியார்’. உயிர் பக்குவப்படும்வரை தன்னை மறைத்துக்கொண்டு, மறைவிலிருந்தே நடத்தும் ஆற்றலுக்குத் திரோதான சக்தி என்று பெயர். ஒளியை அளந்து காட்டுவது, உள்ளிருந்து அசைப்பது, அசைக்கப்படுகிறவன் அதை அறியாமல் இருப்பது என்று சாது சொன்ன மூன்றும் அந்த ஒரே கருத்துக்குள் அடங்குகின்றன. சாது பஞ்சாபில் சீக்கியக் குடும்பத்தில் பிறந்தவர், சித்தாந்தம் படித்து இதைச் சொன்னார் என்று கருத எந்த முகாந்திரமும் இல்லை. அதனாலேயே ஒற்றுமை வியப்பளிக்கிறது.

வைணவத்தில் இதைவிட நெருக்கமான விவாதம் ஒன்று உண்டு. அருளுக்குக் காரணமே வேண்டாம் என்பது பிள்ளை லோகாசாரியர் வழித் தென்கலை. பூனை தன் குட்டியைக் கவ்விக்கொண்டு போவதுபோல் இறைவன் தூக்கிக்கொள்வான். வேதாந்த தேசிகர் வழி வடகலை அதை ஒரு கேள்வியால் மடக்கும். காரணமே வேண்டாமென்றால் எல்லா உயிருக்கும் இப்போதே முக்தி கிடைக்க வேண்டுமே, கிடைக்கவில்லையே? ஆகவே உயிரின் பக்கமிருந்து ஒரு சிறு சாக்காவது வேண்டும், இல்லாவிட்டால் இறைவன் பட்சபாதம் உள்ளவன் ஆகிவிடுவான். இதற்கு ‘சர்வமுக்தி பிரசங்கம்’ என்று பெயர். வடகலை இதை ஒரு முடிவாகச் சொல்லவில்லை, எதிராளியை அங்கே கொண்டுபோய் நிறுத்துவதற்காகவே எழுப்பியது. எல்லாரும் மீட்கப்படுவார்கள் என்பது அங்கே ஓர் இக்கட்டு. சாதுவுக்கோ அதுவே நம்பிக்கை. பக்தி இலக்கியத்தில் ஆய்வுப் பட்டம் பெற்று, இராமானுசரின் சிந்தனையைக் கிறிஸ்தவத்துக்கு அருகில் கொண்டுவர வாழ்நாள் முழுக்க முயன்றவர் அப்பாசாமி. இந்த இரு கரைகளையும் சேர்த்துப் பார்க்கத் தகுதியான ஆள் அவரைவிட வேறு யாரும் அப்போது இல்லை.

ஆனால் ‘தி சாது’ அந்த வேலையைச் செய்யவில்லை. நூலின் பெரிய குறை இதுதான். சாதுவின் கருத்து அங்கே வாதமாக வைக்கப்படவில்லை, தரிசனமாக வைக்கப்பட்டிருக்கிறது. பரவச நிலையில் பரிசுத்தவான்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதாகச் சாது சொல்கிறார். ஆசிரியர்கள் அதை மரியாதையோடு பதிவு செய்து, தரிசனங்களின் உளவியல் பற்றிக் கொஞ்சம் பேசிவிட்டு நகர்கிறார்கள். தரிசனத்தை நம்புகிறவருக்கு மேலே கேட்க ஒன்றுமில்லை. நம்பாதவருக்கு மறுக்கவும் அதில் ஒன்றுமில்லை.

இதன் விளைவு சில ஆண்டுகளிலேயே தெரிந்தது. இயேசு சபைத் துறவி ஹோஸ்டனும், சூரிச் நகரப் போதகரும் உளப்பகுப்பாய்வாளருமான ஆஸ்கர் பிஃபிஸ்டரும் சாதுவின் அனுபவங்கள் உண்மையா என்று கேள்வி எழுப்பினார்கள். கைலாச மகரிஷி உண்மையில் இருந்தாரா, 40 நாள் உபவாசம் நடந்ததா, திபெத்து அற்புதங்களுக்குச் சாட்சி யார் என்று விவாதம் போனது. ஜெர்மானிய அறிஞர் ஃபிரீட்ரிக் ஹைலர் சாதுவுக்காக வாதாடினார். சாது நம்பத் தகுந்தவரா என்பதே கேள்வியானபோது, நரகம் பற்றி அவர் சொன்னது சரியா என்று கேட்க ஆளில்லாமல் போயிற்று. 1 பேதுருவின் மேலும் 1 கொரிந்தியரின் மேலும் நின்றிருக்க வேண்டிய ஒரு நம்பிக்கை, ஒரு மனிதரின் தரிசனத்தின் மேல் நின்றதால் அவரோடு சேர்த்துச் சந்தேகத்துக்குள்ளானது.

கேட்டவர் யார் என்பதையும் மறக்கக் கூடாது. ஸ்ட்ரீட்டர் 1917-இலேயே ‘இம்மார்ட்டாலிட்டி’ என்ற கட்டுரைத் தொகுதியின் பதிப்பாசிரியர். மறுமை பற்றிய பழைய படங்களோடு அவருக்கு ஏற்கெனவே மனத்தாங்கல் இருந்தது. அவர் எந்தக் கேள்வியை எந்தத் தொனியில் கேட்டார் என்பது நூலில் தெரியவில்லை, பதில்கள் மட்டுமே ஒழுங்குபடுத்தித் தரப்பட்டுள்ளன. சாது பிறர் சொன்னதைத் திருப்பிச் சொன்னார் என்று இதற்குப் பொருளல்ல. அவர் சுவீடன்போர்கைப் பின்பற்றினார் என்ற குற்றச்சாட்டும் இந்த இடத்தில் நிற்காது. நரகத்தை மனிதனே தேர்கிறான், சொர்க்கத்தின் காற்று அவனுக்கு மூச்சுமுட்டும் என்பவை சுவீடன்போர்கிலும் உண்டு. ஆனால் ஒருவனின் அடிப்படை விருப்பம் மரணத்துக்குப் பின் மாறாது என்பது சுவீடன்போர்கின் உறுதியான முடிவு. சாதுவின் பள்ளிக்கூடமோ அந்த மாற்றத்துக்காகவே இருக்கிறது.

கருத்தின் உள்ளேயும் ஓர் ஓட்டை இருக்கிறது. கடவுள் யாரையும் வற்புறுத்துவதில்லை என்பது சாதுவின் முதல் வாக்கியம். ஆனால் கடவுள் உள்ளிருந்து தூண்டுவார், தூண்டப்படுகிறவன் அது தன் ஆசை என்றே நினைப்பான் என்று அடுத்து வருகிறது. சாத்தான் சோதிப்பது போலவே, திசை மட்டும் வேறு என்று அவரே ஒப்பிடுகிறார். அப்படியானால் யுகக் கணக்கில் நடக்கும் இந்தத் தூண்டுதலுக்கு ஒருவன் கடைசியில் இணங்குவது மனந்திரும்புதலா, களைத்துப்போவதா? சித்தாந்தத்தில் இந்தக் கேள்வி இவ்வளவு கூர்மையாக எழாது, அங்கே உயிருக்குப் பல பிறவிகளும் அவற்றின் செயல்களும் உண்டு. வைணவத்தில் வடகலையார் கேட்ட அந்தச் சிறு சாக்கு உண்டு. சாதுவின் நரகத்தில் செயல் என்று எதுவும் இல்லை, ஒளியும் வேதனையும் மட்டுமே இருக்கின்றன. செய்வதற்கு ஒன்றுமில்லாத இடத்தில் ஒருவன் எப்படி மாறுவான் என்பதை நூல் விளக்கவில்லை.

எதிர்த்தரப்பின் வழக்கமான வாதம் வேறு. இறந்த பின்னும் வாய்ப்பு உண்டென்றால் ஊழியம் எதற்கு என்பார்கள். திருநெல்வேலியில் 1903-இல் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியதும், அங்கிருந்து ஆட்கள் தொலைதூரம் போனதும் அழிந்துபோகும் ஆத்துமாக்களைப் பற்றிய பாரத்தால்தான் என்பது உண்மை. ஆனால் இந்த வாதம் சாதுவிடம் எடுபடாது. நரகம் ஏறக்குறைய காலியாகிவிடும் என்று நம்பிய அதே மனிதர்தான் ஆண்டுக்கு ஆண்டு திபெத்துப் பக்கம் நடந்து, 1929-இல் அந்த வழியிலேயே காணாமல் போனார். மனிதர்களை மீட்கும் பொறுப்பு பூமியில் நம்முடையது, மறுத்துப் போனவர்களைப் பற்றி நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை என்பது அவர் நிலை. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்பவர்களுக்கே அது முரணாகத் தெரிகிறது. 1964-இல் வத்திக்கான் சங்கம், தன் குற்றமில்லாமல் நற்செய்தியை அறியாதவர்களுக்கும் மீட்பு கூடும் என்று அறிவித்த பிறகும் கத்தோலிக்க மறைப்பணி நின்றுவிடவில்லை.

அப்பாசாமி 1931-இல் ‘மோட்சம் என்றால் என்ன?’ என்று பொருள்படும் தலைப்பில் ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். யோவான் நற்செய்தியை வைத்து, மோட்சம் இங்கேயே தொடங்கும் இறை ஐக்கியம் என்று காட்டுவது அதன் நோக்கம். வாழ்கிறவர்களுக்கு அது நிறைவான பதில். கோவையில் பேராயராக இருந்தபோது, 1958-இல், அவர் சாதுவின் வாழ்க்கை வரலாற்றை எழுதி முடித்தார். அதுவும் ஆங்கிலத்தில்தான். 1921-இல் இளைஞராக அவர் பதிவு செய்த அந்த நம்பிக்கை, தமிழ்ப் பிரசங்க மேடைக்குத் தேவையான சொற்களோடு தமிழுக்கு வந்து சேரவில்லை. கல்லறையில் மண் போட்டுவிட்டுத் திரும்பும் குடும்பத்துக்குக் கேட்டது ‘நித்திய ஆக்கினை’ என்ற பழைய சொல் மட்டும்தான்.

1926-இல் வந்த சாதுவின் சொந்த நூலான ‘ஆவி உலகின் தரிசனங்க’ளில் ஒரு காட்சி இருக்கிறது. விக்கிரக வழிபாட்டாளர் ஒருவர் மறுவுலகம் சேர்ந்ததும் தம் தெய்வத்தைத் தேடத் தொடங்குகிறார். அங்குள்ளவர்கள் உண்மையை அவருக்குச் சொல்கிறார்கள். அவர் வியந்துபோனாலும், நேர்மையாகத் தேடியவர் என்பதால் தம் தவற்றை ஒப்புக்கொள்கிறார். பிறகு கிறிஸ்து அவருக்குக் காட்சி தருகிறார். யாரும் அவரை அடிக்கவில்லை, எரிக்கவில்லை. ஆடி அமாவாசைக்குத் திருமூர்த்திமலைக்கு நடந்துபோன ஒரு கிழவியின் கிறிஸ்தவப் பேத்திக்கு இந்தக் காட்சி தரும் ஆறுதல் பெரிது. அதற்கு ஒரு விலையும் இருக்கிறது. அந்தக் கிழவி அங்கே போன பிறகாவது, வாழ்நாளெல்லாம் கும்பிட்டது வீண் என்று தன் வாயால் சொல்லியாக வேண்டும். அப்படிச் சொல்ல அவள் மனம் வராவிட்டால் என்ன ஆகும் என்று அந்தக் காட்சியில் இல்லை. ‘தி சாது’வில் சாத்தான் போன்ற சிலரைப் பற்றிக் கேட்டபோது, அதைக் கேட்காதே என்று தமக்குச் சொல்லப்பட்டதாகச் சாது குறிப்பிடுகிறார். அவர்களுக்கும் ஏதாவது வழி இருக்கும் என்று தாம் எதிர்பார்த்ததாகவும், ஆனால் மேலே கேட்கவில்லை என்றும் சொல்கிறார்.